ஒன்பதாம் நம்பர் மலையின் மேகம்

பேராசிரியர் பேசி முடித்ததும் நான் செய்த முதல் காரியம், பக்கத்தில் கிடந்த கல்லை ஓங்கி உதைத்தது. கல் அசையவில்லை. என் பெருவிரல்தான் வீங்கியது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று அக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அன்றைக்கு அது கால் வரைக்கும் இறங்கிவிட்டது.

டயகமவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் போனுக்கு ஒழுங்காக சிக்னல் கிடைப்பது, விளையாட்டுத் திடலின் ஓரத்தில் உள்ள பாறைமேட்டில் மட்டும்தான். காதலிப்பவர்களும் வெளிநாட்டில் பிள்ளை வைத்திருப்பவர்களும் அங்கே வந்து நின்றுதான் பேசுவார்கள். சித்திரை வருஷப் பிறப்புக்கு லீவில் வந்திருந்த நானும் காலையும் மாலையும் மடிக்கணினியோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் இருக்கும் பெரிய கணினிக்கு வேலை கொடுப்பதும், அது செய்து முடித்ததை வாங்கிப் பார்ப்பதும்தான் என் வேலை. எங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துச் சனங்களோ எனக்கு யாரோ ஒருவன் இருப்பதாக முடிவுகட்டியிருந்தார்கள். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நான் திரும்பி வரும்போதெல்லாம், அவன் சரியில்லை என்றும் முடிவுகட்டினார்கள்.

பேராசிரியர் கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர். சிங்களமும் ஆங்கிலமும் கலந்து நிதானமாகச் சொன்னார். என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் எங்கள் பள்ளத்தாக்கைப் பற்றியது. அதில் கணினி காட்டும் மேகம் வானத்தில் உள்ள மேகத்தோடு ஒத்துப்போகவில்லை. லீவு முடிவதற்குள் ஒத்துப்போகச் செய்ய வேண்டும். முடியாவிட்டால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு, நடுக்கடலின் மேல் உருவாகும் தாழ்மேகத்தை அந்த இடத்தில் போட வேண்டும். உலகமெங்கும் பலர் சோதித்துப் பார்த்த மேகம் அது, யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்றார். எனக்கு இருந்தது பத்து நாள்.

கடல் மேகத்தோடு எனக்கு ஒரு பகையும் இல்லை. ஆனால் அக்காவுக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

என் வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு நான் வைத்திருக்கும் பதில் இது. காற்றைப் பெட்டி பெட்டியாக வெட்டுவேன். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம், ஓட்டம் எந்தப் பக்கம் என்று கணினி கணக்குப் போட்டுக்கொண்டே போகும். நாட்டுக்கு வானிலை சொல்லும் கணினிகளும் இதையேதான் செய்கின்றன, ஆனால் அவற்றின் பெட்டிகள் பெரியவை. டயகம, அக்கரப்பத்தனை, நடுவில் உள்ள தோட்டங்கள், ஆறு, மலைத்தொடர் எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடும். காலை ஒன்பது, பத்து மணிக்குச் சரிவின் மேல் முளைக்கும் குட்டி மேகம் எங்கள் விளையாட்டுத் திடலைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அவ்வளவு பெரிய பெட்டிக்குள் அது எங்கே தெரியப்போகிறது? அதனால் அந்தக் கணினிகள், இந்தப் பெட்டிக்குள் இவ்வளவு மேகம் இருக்கலாம் என்று ஊகிக்கின்றன. ஊகம் பிழைத்தால் தரைக்கு வந்து சேரும் வெயில் பிழைக்கும், வெயில் பிழைத்தால் பிற்பகல் மழை பிழைக்கும்.

நான் ஐம்பது மீற்றர் பெட்டிகளாக வெட்டினேன். எங்கள் பள்ளத்தாக்கின் ஒரு காலை நேரத்தைக் கணக்குப் போடப் பெரிய கணினிக்கு இரண்டு நாள் பிடித்தது.

தரையை ஒட்டிய காற்று ஒருநாளும் சும்மா இருப்பதில்லை. வெயில் பட்ட மண் அதைச் சூடாக்குகிறது. சூடானது எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்பக் குளிர்ந்தது சரிந்து வருகிறது. இரண்டும் உரசிச் சுழல்கின்றன, பெரிய சுழல் உடைந்து சின்னதாகிறது, சின்னது இன்னும் சின்னதாகிறது. உலை கொதிக்கும்போது பானைக்குள் நடப்பதுதான், பானை மட்டும் ஒரு பள்ளத்தாக்கு அகலம்.

இதை முதன்முதலாகத் திரையில் பார்த்த அன்று நான் மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன். நான் அதற்குக் கொடுத்தது கொஞ்சம் சமன்பாடுகள், மலைகளின் உயரம், ஒரு சூரியன். மேகம் செய் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. ஆனாலும் திரைக்குள் எட்டரை மணிக்குக் காற்று மெல்ல நெளியத் தொடங்கியது. ஒன்பதுக்குத் தூண் தூணாக எழுந்தது. அதில் ஒரு தூணின் உச்சியில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது, பெருத்தது, பன்னிரண்டு நிமிடம் நின்றது, கரைந்தது. பக்கத்தில் இன்னொன்று வந்தது. பள்ளிக்கூடம் போகும் வழியில் எத்தனையோ தடவை மேகத்துக்குள்ளேயே நடந்திருக்கிறேன், சட்டை நனைந்ததைத் தவிர எனக்கு ஒன்றும் தெரிந்ததில்லை. அது ஒவ்வொரு நிமிடமும் பிறந்துகொண்டும் செத்துக்கொண்டும் இருந்திருக்கிறது. நான் அதற்குள் வாய்ப்பாடு மனப்பாடம் செய்துகொண்டு போயிருக்கிறேன்.

அந்த ஆண்டு லீவில் வந்தபோது அக்காவிடம் இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். அக்கா இருபது வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அதுல நம்ம மலை தெரியுமா?"

"தெரியும்."

"நெசமாவா? டீவில மழை சொல்லுறப்ப நுவரெலியாவுக்கு மேல ஒரு மேகப் பொம்மைய ஒட்டிட்டுப் போயிடுறாங்க. நம்ம தோட்டம் எங்க இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாது."

"என் கணினியில தெரியும் அக்கா. உன் மலைக்கு மேல எந்த நேரத்துல மேகம் வருதோ, அதே நேரத்துல அதுலயும் வரும். ஒருநாள் உனக்குக் காட்டுறேன்."

சொல்லிவிட்டேன். வாய் இருக்கிறதே என்று சொல்லிவிட்டேன். அந்த வாக்கை அக்கா என்னைவிடப் பெரிதாக எடுத்துக்கொண்டாள். நான் கொடுத்த பழைய போனை ஜன்னல் கம்பியில் கட்டி, நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும்படி செய்து வைத்திருந்தேன். மாசி மாதம் தொடங்கி ஒருநாள் தவறாமல், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஓடுவதற்கு முன்னால் அக்கா அதைத் தட்டிவிட்டுப் போனாள். காய்ச்சல் வந்த அன்றும் எழுந்து தட்டிவிட்டாள். படத்தில் பாதிக்கு மேல் வானம் விழ வேண்டும், தரை எனக்குத் தேவையில்லை என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அதனால் போனை அண்ணாந்து பார்க்கும்படி சாய்த்து, கீழே ஒரு தீப்பெட்டியை அண்டக் கொடுத்திருந்தாள்.

மாசிப் படங்களோடு என் மேகம் ஓரளவு ஒத்துப்போனது. பங்குனியில் கழன்றுகொண்டது. படங்களில் காலை ஒன்பதரைக்கே மேகம் வந்துவிட்டது, அதுவும் வலது பக்கச் சரிவின் தோளுக்கு மேலே, ஏறக்குறைய ஒரே இடத்தில். கணினியிலோ பத்தேகாலுக்கு முன் ஒரு புள்ளிகூட இல்லை. வந்தாலும் உச்சிக்கு மேலே போய் உட்கார்ந்தது. பருவக் காற்று மாறியிருக்கும் என்று காற்றை மாற்றினேன். ஈரத்தை மாற்றினேன். மேகத்துளிக்கு ஆதாரமாகும் தூசியின் அளவைக்கூட மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள். என் மேகம் பிடிவாதத்தில் என்னையே கொண்டிருந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அப்போது சந்தேகமே வரவில்லை. தரை. அதை நான்தான் திருத்தியிருந்தேன், அதுவும் பெருமையோடு. செயற்கைக்கோளிலிருந்து கிடைத்த நில வரைபடம் எங்கள் மலைகளை 'அடர்ந்த காடு' என்று சொன்னது. அதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு ஆய்வுக்கூடத்துக்கே கேட்டிருக்கும். காடாம்! அத்தனையையும் அழித்துவிட்டு, தோட்டம் ஒவ்வொரு மலைக்கும் போட்டிருக்கும் நம்பர்படி, மலை மலையாக, 'தேயிலை' என்று எழுதினேன். இடுப்பு உயரம், அடர்ந்த பச்சை, ஈர இலை. தேயிலையைப் பற்றி எனக்கா ஒருவர் சொல்லித்தர வேண்டும்? அம்மாவின் முதுகில் இருந்தே கொழுந்து மலை ஏறியவள் நான்.

பேராசிரியரின் கெடுவில் நான்கு நாட்கள் போய்விட்டன. மூன்றாவது முறை ஈரத்தை மாற்றி ஓடவிட்டது அன்று விடிகாலை முடிந்திருந்தது. மேகம் இல்லை. முகம் கழுவாமல் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அக்காவின் வீட்டுக்காரர், என் மச்சான், சட்டையை மாட்டிக்கொண்டே வெளியே வந்தார். அவர் கவ்வாத்து வெட்டுபவர். தேயிலைச் செடியை நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. ஒரு நம்பரில் வெட்டினால் அந்த நம்பரில் பிறகு சில மாதங்களுக்குக் கொழுந்து கிடையாது. அது முழுக்க ஆண்கள் வேலை.

"என்னா கொழுந்தியா, இன்னைக்கும் அவரு பேசலையா?" என்றார்.

"மச்சான், நான் இருக்கிற எரிச்சலுக்கு ஏதாவது சொல்லிடுவேன்."

"அப்ப வா. ஒம்பதாம் நம்பர் நேத்தோட முடிச்சாச்சு. கவ்வாத்துச் சாமிக்குப் பொங்கல் வைக்கிறோம். சாமிகிட்ட சொல்லு, மேகத்த அனுப்பி வைக்கும்."

எங்கள் தோட்டத்தில் கவ்வாத்து தொடங்கும்போது ஒருமுறை, முடிக்கும்போது ஒருமுறை கத்திகளை வைத்துக் கும்பிடுவார்கள். நான் அதற்குப் போனதே இல்லை. சின்ன வயதில் அம்மாவோடு நான் போனதெல்லாம் கொழுந்து நிற்கும் மலைகளுக்குத்தான். கொழுந்து இல்லாத இடத்தில் கொழுந்து பறிப்பவளுக்கும் அவள் மகளுக்கும் என்ன வேலை? அன்றும் பொங்கலுக்காகத்தான் போனேன். கோபத்தில் இருந்தாலும் எனக்குப் பசி எடுக்கும்.

பாதை வளைவு வரைக்கும் பத்தாம் நம்பர், இரண்டு பக்கமும் பச்சை. அக்கா பொங்கல் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனாள். வளைவு தாண்டியதும் நான் நின்றுவிட்டேன். ஒன்பதாம் நம்பர் முழுக்க மொட்டை. சாம்பல் நிறத்தில் முழங்கால் உயரக் கட்டைகள், நடுவே செம்மண், அவ்வளவுதான். வெட்டிப்போட்ட குச்சிகளை, நாங்கள் மிலாறு என்று சொல்வதை, விறகுக்காக லயத்துப் பெண்கள் கட்டுக்கட்டாகச் சுமந்து போய்விட்டிருந்தார்கள். ஒரு மலையே சட்டையைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்றது.

மேட்டில் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசி, அதன் முன்னால் பதினான்கு கத்திகளை அடுக்கியிருந்தார்கள். பதினான்கு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். அவர்களில் இரண்டு பேர் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர்கள். அவர்களும் கழற்றியிருந்தார்கள், கத்தி எல்லோருக்கும் பொது. நானும் பாதையோரத்தில் செருப்பை விட்டுவிட்டுப் போய் நின்றேன்.

முதலில் வெதுவெதுப்பாக இருந்தது. சூடம் ஏற்றி, சாம்பிராணி போட்டு, தேங்காய் உடைத்து, ஒவ்வொருவராக வந்து தன் கத்தியைத் தொட்டுக் கும்பிட்டுப் போவதற்குள் உள்ளங்கால் சுடத் தொடங்கியது. ஏற்கெனவே வீங்கிய பெருவிரல் வேறு. ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றேன். தாங்க முடியாமல் மெல்லப் பின்வாங்கி, பத்தாம் நம்பர் ஓரத்துச் செடிகளுக்குள் காலை வைத்தேன். அங்கே மண் சில்லென்று ஈரமாக இருந்தது.

ஒரு கால் மொட்டை மலையில், ஒரு கால் பச்சை மலையில். அப்படியே நின்றேன். நான் எவ்வளவு பெரிய மடைச்சி என்பது காலிலிருந்து தலைக்கு ஏறுவதற்கு ஒரு நிமிடம் எடுத்தது.

சாம்பிராணிப் புகையைப் பார்த்தேன். மொட்டை மலையின் நடுவில் அது கயிறு பிடித்ததுபோல் நேரே மேலே போனது. செடிகளின் நிழலில் அக்கா மூட்டியிருந்த பொங்கல் அடுப்பின் புகையோ எழும்ப மனமில்லாமல் இலைகளின் மேலேயே சரிந்து கிடந்தது. இரண்டுக்கும் நடுவே முப்பது அடிகூட இருக்காது. சாம்பிராணிப் புகை போன வழியிலேயே கண்ணை மேலே கொண்டுபோனேன். நேரே எங்கள் தலைக்கு மேலே, நீல வானத்தில், அது நின்றது. சின்னது. கீழ்ப்பக்கம் தட்டையாக, மேல்பக்கம் பூத்துப் பூத்து வந்துகொண்டிருந்தது. பங்குனி முழுக்க அக்காவின் போன் பிடித்துவைத்திருந்த அதே மேகம்.

மணி பார்த்தேன். ஒன்பதரை தாண்டி ஐந்து நிமிடம்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவளின் கதை பொய்யில்லை. கவ்வாத்து வெட்டுபவரின் வீட்டில்தான் தங்கியிருந்தேன். "இன்னைக்கு ஒம்பதாம் நம்பர்ல இத்தனை வரிசை" என்று அவர் சொல்வதை ஒவ்வொரு நாளும் சோற்றோடு சேர்த்து விழுங்கினேன். அந்த மலையின் மிலாறில் கொதித்த தேநீரைத்தான் குடித்தேன். இத்தனைக்கும் கணினியில் என் தேயிலை ஒருநாளும் வெட்டப்படவில்லை. செயற்கைக்கோளைப் பார்த்துச் சிரித்தவள், கொழுந்துக்காரி மகள், என் அம்மா நின்ற மலைகளை மட்டுமே மலை என்று எழுதிவைத்திருந்தேன். இலையுள்ள செடி வெயிலை வாங்கி ஈரமாக்கி மூச்சுவிடும். இலையில்லாத மண் வெயிலை வாங்கிச் சூடாகவே திருப்பிக் கொடுக்கும். இது முதல் வருடப் பாடம். நான் அதைப் பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

"என்னாடி, சாமி வந்திருச்சா?" என்று அக்கா கேட்டாள். நான் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு வாயைப் பிளந்திருந்தேனாம்.

"வந்திருச்சு" என்றேன்.

பொங்கலைக் கையில் வாங்கிக்கொண்டே மச்சானிடம் ஓடினேன். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது பங்குனிக் கடைசி வாரத்தில் ஒரு காலை. அன்றைக்கு எதுவரை வெட்டியிருந்தார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். மச்சான் யோசிக்கக்கூட இல்லை. இடது கைப் பெருவிரலை நீட்டினார். குறுக்கே ஒரு தழும்பு.

"அதுக்கு முந்தின நாளுதான் கத்தி பட்டது. அந்த வெள்ளப் பாறை தெரியுதா, அது வரைக்கும் வெட்டி முடிச்சிருந்தோம். ரத்தத்த அந்தப் பாறையிலதான் தொடச்சேன்."

போனில் இடம் குறிக்கும் வசதியைப் போட்டுவிட்டு, வெட்டிய எல்லையைச் சுற்றி நடந்தேன். மச்சான் முன்னால் போனார், பதினான்கு பேரில் பாதிப்பேர் பின்னால் வந்தார்கள். எதற்கென்று அவர்களுக்குப் புரியவில்லை. ஆனால் எந்த நாள் எந்த வரிசையில் நின்றோம் என்பதில் அவர்களுக்குள் ஒரு சண்டையே வந்தது. மழைக்கு ஓடிய நாள், ஒருவரின் மாமியார் இறந்து அரைநாளோடு நின்ற நாள் என்று ஒவ்வொன்றாக இழுத்து, வரிசை வரிசையாக எனக்குச் சரிசெய்து கொடுத்தார்கள்.

பாறைமேட்டுக்குப் போய், கணினியில் ஒன்பதாம் நம்பரின் வெட்டிய பகுதியில் இருந்த பச்சையை அழித்தேன். காற்று, ஈரம், தூசி எதையும் தொடவில்லை, எல்லாவற்றையும் பழையபடி வைத்தேன். ஓடவிட்டேன். அந்த இரண்டு நாளும் நான் யாரோடும் சண்டை போடவில்லை என்பதை அக்கா இன்றைக்கும் அதிசயமாகச் சொல்வாள்.

முடிந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். பாறையில் வெயிலுக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு, மடிக்கணினித் திரைக்கு மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு பார்த்தேன். எட்டு மணி. எட்டரை. மற்ற மலைகள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே வெட்டிய துண்டு மட்டும் துடிக்கத் தொடங்கியது. சின்னச் சின்ன எழும்பல்கள், ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாயின. சுற்றியிருந்த பச்சை மலைகளிலிருந்து குளிர்ந்த காற்று நாலாபக்கமும் வழிந்து அதன் காலடிக்கு வந்தது. எல்லாம் சேர்ந்து ஒரே தூணாக முறுக்கிக்கொண்டு எழுந்தது. ஒன்பது முப்பத்திரண்டுக்கு, சரிவின் தோளுக்கு மேலே, நான் சொல்லாமலே, யாரும் சொல்லாமலே, ஒரு வெள்ளைப் புள்ளி.

அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தப் பாறையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். பக்கத்தில் நின்று மகனோடு பேசிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "விடு புள்ள, அவன் இல்லாட்டி இன்னொருத்தன்" என்று முதுகைத் தடவிவிட்டுப் போனார்.

ஒரு காலை ஒத்துப்போவது தற்செயலாகவும் இருக்கலாம். அதனால் பங்குனியின் இன்னொரு காலையையும், அந்தக் காலைக்கு அவர்கள் சண்டை போட்டுச் சொன்ன எல்லையோடு, ஓடவிட்டேன். அதிலும் வந்தது, அக்காவின் படத்தோடு மூன்று நிமிட வித்தியாசத்தில். லீவில் மீதி இருந்தது ஒரு நாள்.

அன்று பின்னேரம் அக்காவும் மச்சானும் வேலை விட்டு வந்ததும் வீட்டு மேசையில் மடிக்கணினியை வைத்தேன். திரையில் பெயர் கிடையாது, நம்பர் கிடையாது. சாம்பல் நிறத்தில் மேடு பள்ளம் மட்டும். அதன் மேல் வெள்ளையாக மேகம் வரும். எதையும் விளக்காமல் ஓடவிட்டேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வந்து குனிந்து பார்த்தாள். வெள்ளைப் புள்ளி வந்த உடனே அவள் விரல் திரையில் பட்டது.

"இந்தா, இது ஒம்பதாம் நம்பர்."

"எப்படிக்கா தெரியும்?"

"ஏன் தெரியாது? தெனமும் பத்தாம் நம்பர்ல நிக்கிறப்ப எங்க தலைக்கு மேல இதுதான நிக்குது. இது வந்தா கொஞ்ச நேரம் நெழலு. பங்குனியில இருந்து நாங்க எல்லாரும் இதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்." பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "சொன்ன மாதிரியே நம்ம மலையக் கொண்டாந்துட்டியே புள்ள."

மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு நேரே உட்கார்ந்தார். "நாங்க வெட்டாம இருந்திருந்தா?" என்று கேட்டார்.

பச்சையாக இருந்த பழைய ஓட்டத்தைப் போட்டுக் காட்டினேன். அதே காலை, அதே வெயில். ஒன்பதரைக்கு வானம் வெறுமையாக இருந்தது. அவர் மறுபடியும் வெட்டிய மலையைப் போடச் சொன்னார். மறுபடியும் பச்சை. மறுபடியும் வெட்டியது. நான்காவது முறை அவர் கை தானாகவே தன் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தது.

"அந்த வெள்ளப் பாறைக்கு மேலதான் நிக்குது பாத்தியா அந்த மேகம்" என்றார். "நான் தொடச்ச எடத்துல."

மேகத்தின் தண்ணீர் எங்கிருந்தோ வருவது, சூடு சூரியனுடையது, மொட்டை மண் அதற்கு ஒரு வாசல் மட்டும்தான் என்று விளக்கமாகச் சொல்ல வாயெடுத்தேன். எனக்கு அந்த வியாதி உண்டு. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பதினான்கு பேர் ஆறு வாரம் கத்தி பிடித்தால் வானத்தில் ஒரு மேகம் நிற்கும். இதை எத்தனை சமன்பாட்டில் எழுதினாலும் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

"முப்பது வருசமா வெட்டுறேன்" என்றார். "குனிஞ்ச தலை நிமிரல. ஒருத்தனாவது மேல பாத்தமா?"

நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்ததையும், போனைத் தீப்பெட்டி வைத்துச் சாய்க்கச் சொன்னதையும் அவருக்கு ஞாபகப்படுத்தினேன். அவர் சிரித்தார். அக்கா தேநீர் ஊற்றப் போனாள்.

மறுநாள் காலை பாறைமேட்டிலிருந்து பேராசிரியரை அழைத்தேன். முந்தின நாளே அனுப்பியிருந்த இரண்டு ஓட்டங்களையும் அவர் பார்த்திருந்தார். வெட்டுவது என்றால் எப்படி வெட்டுவார்கள், எத்தனை பேர், எந்த மாதம் எந்த மலை என்று யார் முடிவு செய்வது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. கடைசியில், பள்ளத்தாக்கு இருக்கட்டும், அதை முதல் அத்தியாயமாக வை என்றார். போனை வைத்துவிட்டுக் கல்லைத் தேடினேன், இந்த முறை உட்காருவதற்கு.

மணி ஒன்பதரை. பாறைக்கு நேர் கீழே பதினோராம் நம்பர். அன்றைக்குத்தான் அதில் கவ்வாத்து தொடங்கியிருந்தது. பதினான்கு பேரும் வரிசையில் இருந்தார்கள். ஆனால் ஒருவர்கூடக் குனிந்திருக்கவில்லை. கத்தியைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, கையை நெற்றிக்கு வைத்து, எல்லோரும் ஒன்பதாம் நம்பருக்கு மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அது வந்துகொண்டிருந்தது.

பாதையில் நின்று வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளை கத்தினார். "என்னாங்கடா, வேலை நேரத்துல வானத்துல என்னா பார்வை?"

மச்சானின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. தலையைத் திருப்பாமலே சொன்னார்.

"கொஞ்சம் பொறுங்க ஐயா. நாங்க செஞ்சதப் பாத்துக்கிட்டு இருக்கோம்."

கணக்கப்பிள்ளையும் மேலே பார்த்தார்.